தாலிக்கொடியை அடகு வைத்து மாடு வாங்கலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில் இருக்கிறோம். இரண்டு நாட்டு மாடு, ஐந்து ஆடு, கொஞ்சம் கோழி. ஒரு மாடுதான் கறக்கிறது. மற்றது கன்று போட்டு ஒரு வருடம் தாண்டியும் சினைப்படவில்லை. எட்டு லீற்றர் கறக்கும் ஜேர்சிக் கலப்பு மாடு 250,000 ரூபாய்க்கு வருகிறது. தாலிக்கொடியை நூற்றுக்கு 15 வருட வட்டியில் அடகு வைக்க யோசிக்கிறேன். பாலுக்கு லீற்றர் 140 ரூபாய் கிடைக்கும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. எட்டு லீற்றர் என்பது கன்று போட்ட முதல் ஒன்றிரண்டு மாதத்துக் கணக்கு. பிறகு பால் குறைந்துகொண்டே போய், பத்து மாதத்தில் வற்றிவிடும். அடுத்த கன்றுவரை மூன்று நான்கு மாதம் சும்மா தீனி போட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நாளுக்கு நான்கு லீற்றர்தான், 560 ரூபாய். தவிடு, புண்ணாக்கு, மருந்துக்கு 300 போனால் மாதம் 7,800 மிஞ்சும். அதில் வட்டிக்கே 3,125 போய்விடும். மீதிக் காசில் முதலைக் கட்டி முடிக்க மூன்று வருடத்துக்கு மேலாகும். அடகுக்கடை அவ்வளவு காலம் காத்திருக்காது. மாடு வற்றியிருக்கும் மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் காசு உண்மையில் கரைவது அந்தச் சினைப்படாத மாட்டில்தான். மாடு 21 நாளுக்கு ஒருமுறைதான் காளை தேடும், அது ஒவ்வொரு முறை தவறும்போதும் மூன்று வாரத் தீனி வீண். நாட்டு மாடுகள் பெரும்பாலும் இரவில்தான் காளை தேடும், அதனால் நமக்குத் தெரியாமலே போய்விடும். விடியக் கொட்டிலுக்குப் போனதும் வாலடியைப் பாருங்கள். கண்ணாடி போல் சளி நூலாகத் தொங்கினால், அன்று பின்னேரமே செயற்கை முறையில் சினைப்படுத்த ஏற்பாடு செய்யுங்கள். அறிகுறியே தெரியாவிட்டால் கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டுக் கருப்பையைச் சோதித்து, பூச்சி மருந்தும் தாது உப்பும் கொடுங்கள். இதற்கெல்லாம் நகை அடகு வைக்கத் தேவையில்லை. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும் வைக்கோலை வாங்கி, மழை படாமல் போர் வைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் தீனிச் செலவு குறையும்.

பிறகு எப்போதாவது கறவை மாடு வாங்கினால், முதல் நாள் பின்னேரமே போய் முழுக்கக் கறக்கவிட்டுப் பாருங்கள், மறுநாள் காலையும் நின்று அளந்து பாருங்கள். ஒரு நேரம் கறக்காமல் மடியை நிரப்பிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கையில் காசு புரள ஆடுதான் நல்லது. சினைப்பட்டு ஐந்து மாதத்தில் குட்டி போடும். முஸ்லிம் மக்கள் கூடுதலாக வாழும் கிண்ணியாவும் மூதூரும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வயது நிரம்பிய, ஊனமில்லாத கிடாய்களுக்கு நல்ல விலை வரும். கிடாய்க் குட்டிகளை அவசரப்பட்டு விற்காமல் அதுவரை வைத்திருங்கள். பெருநாள் வருடாவருடம் 11 நாள் அளவில் முன்னுக்கு வரும், அதையும் கணக்கில் எடுங்கள். முதல் கிடாய் விற்ற காசில் ஆட்டுக் கொட்டிலுக்குப் பரண் அடியுங்கள். ஈரத்தில் படுத்தால் குட்டிகளுக்குச் சளி பிடிக்கும், ஐப்பசி மழைக்கு முன் அந்த வேலை முடிய வேண்டும்.