நட்பும் மதிப்பெண்ணும்: ஒரு சுற்று போதாது

3 பிரிவுகளில் 120 மாணவர்களிடம் 'நெருங்கிய நண்பர்கள் 5 பேர்' என்று ஒருமுறை கேட்டிருக்கிறீர்கள். நண்பர்களின் மதிப்பெண்கள் ஒத்துப்போவதால் நட்பின் தாக்கம் என்று எழுதலாமா என்கிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். நன்றாகப் படிப்பவர்கள் தங்களைப் போன்றவர்களையே தேடிப் பழகியிருக்கலாம். ஒரே பிரிவில் ஒரே ஆசிரியர் என்பதும் காரணமாகலாம். ஒற்றைச் சுற்றில் இவற்றைப் பிரிக்க வழியில்லை.

இதை முன்னோட்டமாக வைத்துக்கொண்டு, புதிதாக இரண்டு சுற்று எடுங்கள், ஒரு பருவ இடைவெளியில். 5 என்ற வரம்பு வேண்டாம். முழுப் பெயர்ப்பட்டியலைக் கொடுத்து டிக் செய்யச் சொல்லுங்கள். ஆறாவது நண்பர் விடுபட்டால் வலைப்பின்னலின் வடிவமே மாறிவிடும். வராதவர்களை மறுநாள் பிடியுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் விடுபட்டால், நட்பும் மதிப்பெண்ணும் சேர்ந்து மாறுவதை ஆராயும் மென்பொருளான ஆர்-சியனா தடுமாறும். மதிப்பெண்ணையும் இரு சுற்றிலும் எடுத்து 4, 5 படிநிலைகளாக்குங்கள். இரு சுற்றுக்கும் இடையே நட்புகள் எவ்வளவு நிலைத்திருக்கின்றன என்று காட்டும் ஜக்கார்டு குறியீடு 0.3-க்கு மேல் இருந்தால் நிம்மதி.