இயற்கைத் தேர்வு என்றால், உயிரினம் தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதா?

இல்லை. தேவை வந்துவிட்டது என்பதற்காக எந்த உயிரும் தன் உடலமைப்பை மாற்றிக்கொள்வதில்லை. மாறுவது கூட்டம், அதுவும் தலைமுறை தலைமுறையாக.

ஒரே இனத்துக்குள்ளும் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மரபுப் பண்புகளைச் சுமக்கும் மூலக்கூறான டிஎன்ஏ நகலாகும்போது தற்செயலாக நேரும் பிறழ்வுகள் புதுப்புது வேறுபாடுகளைக் கொண்டுவருகின்றன; அவை குட்டிகளுக்கும் போகின்றன. பிறப்பவை அனைத்தும் பிழைப்பதில்லை. சூழலுக்குப் பொருந்திய பண்புள்ளவை அதிகம் பெருகினால், அடுத்த தலைமுறையில் அந்தப் பண்பும் பெருகும். 1858இல் இயற்கையியலாளர்கள் டார்வினும் வாலஸும் முன்வைத்த வாதத்தின் உயிர்நாடி இந்தக் கடைசி வரிதான் (டிஎன்ஏ பற்றி அப்போது யாருக்கும் தெரியாது).

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று, பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் ஒன்றான டாப்னே மேஜர். உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் ஆய்வுக்குழு அங்கே ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, காலில் வளையமிட்டுக் கண்காணித்தது. 1977இல் கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்துபோய், பெரிய கடினமான விதைகளே மிஞ்சின. அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். மெல்லிய அலகுள்ளவை பெருமளவு மடிந்தன. பஞ்சத்தால் எந்தக் குருவிக்கும் அலகு வளரவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்பே தடித்த அலகோடு இருந்தவை தப்பின. அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு தடித்தே இருந்தது. 1983இல் எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) காரணமாக மழை கொட்டியது. சின்ன விதைகள் பெருகின. அதன்பின் சிறிய அலகுக்காரர்களின் கை ஓங்கியது.