கேள்வி–பதில்: ஒக்கோவின் விடுதியில் தங்கும் ஆவிகள்

சென்ற இதழில் ‘ஒக்கோஸ் இன்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம். படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடக்கப்பள்ளியின் இறுதி வகுப்பான ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒக்கோ, நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் தாய் தந்தை இருவரையும் இழக்கிறாள். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ஹனனோயு என்ற ஊரில் பாட்டி நடத்திவரும் ‘ஹருனோயா’ என்ற சிறிய விடுதிக்கு வந்து சேரும் அவளுடைய கண்ணுக்கு மட்டும் அங்கே ஆவிகள் தெரிகின்றன. படத்தின் முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், முதலில் பார்த்துவிட்டுப் படிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பேய் என்ற சொல்லைக் கேட்டாலே போர்வைக்குள் போய்விடுவான். அவனுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா?

பதில்: காட்டலாம். ஆவிகளைக் கண்டு அவன் சிரிக்கத்தான் போகிறான். ‘யூரேய்’ என்று ஜப்பானியர்கள் அழைக்கும் ஆவிகள், பழைய ஓவியங்களில் வெள்ளை உடையும் அவிழ்ந்த கூந்தலுமாக, பாதங்களே இல்லாமல் மிதந்து வரும். இந்தப் படத்தின் ஆவிகளுக்கும் அந்த மரபுக்கும் தொடர்பில்லை. உரிபோ, பாட்டியின் சிறுவயதுத் தோழன். பாட்டிக்கு வயதாகிவிட்டது, அவன் மட்டும் சிறுவனாகவே நின்றுவிட்டான். மியோ, ஒக்கோவின் வகுப்புத் தோழி மட்சுகி பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அவளுடைய அக்கா. இவர்களோடு, மணிக்குள் அடைபட்டிருந்து வெளியே வந்த, எப்போதும் பசித்திருக்கும் சுசுகி என்ற குட்டி அரக்கனும் உண்டு. ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் ‘சஷிகி வாராஷி’ என்றொரு நம்பிக்கை இருக்கிறது. பழைய வீடுகளில் குழந்தை வடிவில் ஓர் ஆவி குடியிருக்கும், அது இருக்கும்வரை வீடு செழிக்கும், அது போய்விட்டால் வீடு நொடிக்கும் என்பார்கள். ஹருனோயாவின் பிள்ளைகளைப் பார்க்கும்போது எங்களுக்கு அந்த நம்பிக்கைதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் மகனை அச்சுறுத்தக்கூடியவை வேறு இரண்டு இடங்கள். ஒன்று, தொடக்கத்திலேயே வந்துவிடும் விபத்து. மற்றொன்று, விடுதிக்கு வந்த பெண்மணி ஒருவருடன் ஒக்கோ காரில் போகும்போது, நெடுஞ்சாலையில் திடீரென மூச்சு முட்டி நடுங்கும் காட்சி. அந்த இரண்டு இடங்களிலும் நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நல்லது.

கேள்வி: பெற்றோரை ஒரே நாளில் இழந்த சிறுமி, படத்தின் பெரும்பகுதியில் சிரித்துக்கொண்டும் ஓடியாடி வேலை செய்துகொண்டும் இருக்கிறாள். இது இயல்பாக இல்லையே? இயக்குநர் துக்கத்தைத் தட்டிக்கழித்துவிட்டதாகவே தோன்றுகிறது.

பதில்: நாங்கள் இதற்கு நேர்மாறாக நினைக்கிறோம். பெரியவர்கள் துக்கத்துக்குள் நாள்கணக்கில் அமிழ்ந்து கிடப்பார்கள். குழந்தைகள் அப்படிச் செய்வதில்லை. ஒரு குழந்தை பத்து நிமிடம் அழும். பிறகு எழுந்து விளையாடப் போகும். இரவில் பல் துலக்கும்போது திடீரென்று, ‘அம்மா இனி வரவே மாட்டாளா?’ என்று கேட்கும். வீட்டிலிருப்பவர்கள் இதைப் பார்த்து, குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை என்றோ, அதற்குள் மறந்துவிட்டது என்றோ தவறாக எண்ணிக்கொள்வதுண்டு. தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் துக்கத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவதுதான் குழந்தைகளின் வழி என்பதை, இழப்புக்குள்ளான பிள்ளைகளோடு பணியாற்றுகிறவர்கள் அறிவார்கள்.

ஒக்கோவின் சிரிப்பை இந்த வெளிச்சத்தில் மீண்டும் பாருங்கள். கனவா நனவா என்று பிரித்தறிய முடியாத காட்சிகளில் அவளுடைய பெற்றோர் எதுவுமே நடக்காததுபோல அவளருகே வருகிறார்கள். பார்க்கிற நாமே ஒரு கணம் ஏமாந்துபோகிறோம். பெற்றோர் இறந்த செய்தி அவளுடைய அறிவுக்கு எட்டியிருக்கிறது, மனத்துக்கு இன்னும் எட்டவில்லை என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் இயக்குநர் கிதாரோ கோசாகா சொல்லிவிடுகிறார். ஜிப்லி நிறுவனத்தின் படங்களில் நீண்ட காலம் அசைவூட்டக் கலைஞராக இருந்தவர் என்பதால், தரையில் மண்டியிடுவது, கிமோனோவில் தடுக்கி விழப்போவது, தட்டை ஏந்தி நடப்பது போன்ற சின்னஞ்சிறு உடலசைவுகளை அவர் அத்தனை கவனத்தோடு கையாள்கிறார். முதலில் தடுமாறும் அந்தக் கைகள் வேலை பழகப் பழக உறுதியாவதைப் பார்த்தாலே அவளுக்குள் நடப்பது புரிந்துவிடும். விடுதி வேலை அவளுக்கு மறைவிடமாகவும் இருக்கிறது, மருந்தாகவும் இருக்கிறது. எது எப்போது என்று படம் பிரித்துச் சொல்வதில்லை. அதுதான் இதன் நேர்மை.

கேள்வி: இது தொலைக்காட்சித் தொடரின் தொடர்ச்சியா? தொடரைப் பார்க்காமல் படம் புரியுமா?

பதில்: புரியும். ஹிரோகோ ரெய்ஜோ சிறுவர்களுக்காக 2003 முதல் 2013 வரை இருபது தொகுதிகளாக எழுதிய கதைவரிசைதான் இரண்டுக்கும் மூலம். தொடரும் படமும் 2018-இல் வெளிவந்தன. படம் தனித்து நிற்கும்; தொடரைவிடக் கனமானதும்கூட.

கேள்வி: விபத்தில் சிக்கிய லாரியை ஓட்டியவரே விருந்தினராக வந்து தங்குவதும், ஒக்கோ அவரை உபசரிப்பதும் எனக்குப் பெரும் சங்கடத்தைத் தந்தன. ஒரு குழந்தையிடம் இப்படியொரு மன்னிப்பை எதிர்பார்ப்பது கொடுமை அல்லவா?

பதில்: படத்தின் உயிர் அந்தக் காட்சியில்தான் இருக்கிறது, உங்கள் சங்கடமும் நியாயமானது. நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். உடல்நலம் கருதி உப்புக் குறைத்துச் சாப்பிட வேண்டிய ஒருவர், மனைவியோடும் சிறு மகனோடும் ஹருனோயாவுக்கு வருகிறார். சுவையற்ற உணவால் சலித்துப்போயிருக்கும் அவருக்கு நல்ல உணவு கொடுத்தாக வேண்டும் என்பதற்காக, தனக்குப் போட்டியாளியான மட்சுகியிடமே போய் ஒக்கோ உதவி கேட்கிறாள். உணவு அவருக்குப் பிடித்துப்போகிறது. மனம் இளகிப் பேசத் தொடங்கும்போதுதான் அவர் யார் என்பது தெரியவருகிறது. ஒக்கோ வெளியே ஓடுகிறாள், ஆவிகளைத் தேடுகிறாள், அவர்கள் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை முழுவதும் அங்கேதான் உடைகிறது. அவளை அணைத்துக்கொள்வது, முன்பு காரில் அழைத்துச் சென்ற அதே பெண்மணி, உயிரோடிருக்கும் ஒரு மனுஷி. அதன் பிறகு அவள் திரும்பி வந்து, தான் இந்த விடுதியின் இளம் தலைவி என்று சொல்லி அவரைத் தங்க வைக்கிறாள்.

விருந்தினராக வந்த யாரையும் திருப்பி அனுப்பாத விடுதிப் பண்பாட்டிலிருந்து வரும் சொற்கள் அவை. ஹனனோயுவின் நீர் எவரையும் விலக்காது, எல்லோரையும் ஏற்றுக் குணப்படுத்தும் என்ற ஊர் நம்பிக்கையும் படத்தில் முன்பே சொல்லப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும், தொழில்கடமை என்ற உடையை ஒரு குழந்தைக்குப் போர்த்தி அவளுடைய கோபத்தை மூடிவிட்டார்களோ என்ற ஐயம் எங்களுக்கும் எழுந்தது. அவள் அழுது முடிக்கும்வரை கேமரா பொறுமையாகக் காத்திருப்பதுதான் அந்த ஐயத்தைப் பெருமளவு தணித்தது. ‘மன்னித்தேன்’ என்று அவள் சொல்வதாகவும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதரும் உடைந்து போனவர் என்பதைப் பார்க்கும் அளவுக்கு அவளுக்குக் கண் திறக்கிறது, அவ்வளவே. இன்னும் ஒரு காட்சி கூடுதலாக இருந்திருக்கலாம் என்ற குறை எங்களுக்கு இருக்கத்தான் செய்கிறது.

கேள்வி: பெற்றோரை இழந்த என் அண்ணன் மகள் எங்களோடு வளர்கிறாள். வயது பத்து. இந்தப் படம் அவளுக்கு ஆறுதல் தருமா?

பதில்: தரலாம், ஆனால் மருந்து கொடுப்பதுபோல இதைக் கொடுக்காதீர்கள். நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள். பிறகு, இந்தக் கதையில் வரும் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் விபத்தில் இறந்துவிடுகிறார்கள் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்பதையும், பாதியில் நிறுத்துவதையும் அவளிடமே விடுங்கள். இழப்பு சாலை விபத்தால் நேர்ந்ததாக இருந்தால் இன்னும் சில காலம் பொறுப்பது நல்லது. பேசும்போது ‘தூங்குகிறார்கள்’, ‘வெளியூர் போயிருக்கிறார்கள்’ போன்ற சுற்றிவளைத்த சொற்களைத் தவிர்த்து, ‘இறந்துவிட்டார்கள்’ என்றே சொல்லுங்கள். மழுப்பலான சொற்கள் குழந்தையைக் காத்திருக்க வைத்துவிடும். படம் முடிந்ததும் அவள் எதுவும் பேசாவிட்டால் நீங்களும் கேள்விமேல் கேள்வி கேட்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து, உரிபோ எங்கே போனான் என்று அவளே கேட்கக்கூடும்.

கேள்வி: அதையே நானும் கேட்கிறேன். அத்தனை அன்பான ஆவிகளை இறுதியில் ஏன் மறைய வைத்தார்கள்? கூடவே இருந்திருந்தால் என்ன?

பதில்: ஆவிகள் இந்த உலகில் தங்கிவிடுவது ஜப்பானிய நம்பிக்கையிலும் நல்ல நிலை அல்ல. ஆண்டுதோறும் ‘ஓபோன்’ பண்டிகையின்போது முன்னோரின் ஆவிகளைத் தீ ஏற்றி வீட்டுக்கு வரவேற்பார்கள். சில நாட்களில் மறுபடியும் தீ ஏற்றி வழியனுப்பிவிடுவார்கள். உரிபோவும் மியோவும் அப்படி வழியனுப்பப்படாமல் நின்றுபோனவர்கள். அவர்களுக்கும் மறுபிறவி வேண்டும். ஒக்கோவின் பக்கம் நின்று பார்த்தால், அவள் மனம் தேறத் தேற ஆவிகள் மங்கிக்கொண்டே போகின்றன. படத்தின் தொடக்கத்தில் பெற்றோருக்கு நடுவே உட்கார்ந்து, மேடையில் பிள்ளைகள் ஆடும் ‘ககுரா’ என்ற இறைவழிபாட்டு நடனத்தை அவள் வேடிக்கை பார்க்கிறாள். இறுதியில் மட்சுகியோடு சேர்ந்து அதே நடனத்தை அவளே ஆடுகிறாள். இருவருக்கும் பக்கத்தில் உரிபோவும் மியோவும் நிற்கிறார்கள், நடனம் முடியும் வரை.