பில்ட் பாதியில் நின்றால்: ஃப்ரீபிஎஸ்டி-கரன்ட் கேள்வி பதில்

யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் வளர்ச்சிப் பதிப்பான கரன்டைச் சோர்ஸிலிருந்து தாங்களே பில்ட் செய்து ஓட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். வேர்ல்டு என்றால் கர்னல் தவிர்த்த அடிப்படை நிரல்களும் நூலகங்களும். பில்ட்வேர்ல்டு அவற்றைக் கட்டும், இன்ஸ்டால்வேர்ல்டு நிறுவும். கர்னலுக்கும் அப்படியே. பில்ட், இன்ஸ்டால், பூட் இந்த மூன்றும்தான் நான் தினமும் புழங்கும் இடம். அதைத் தாண்டிய கேள்விகளுக்கு நீளமாகப் பதில் வராது.

கேள்வி: பில்ட்வேர்ல்டு நாற்பது நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிட்டது. கடைசியில் "எரர் கோட் 1", "ஸ்டாப்டு இன் யுஎஸ்ஆர் எஸ்ஆர்சி" என்று மூன்று வரி மட்டும் இருக்கிறது. அந்த மூன்று வரியையும் அனுப்பியிருக்கிறேன். என்ன பிரச்சினை சார்?

அந்த மூன்று வரியில் எதுவும் இல்லை. பில்டை நடத்தும் மேக் கருவி வேலையை நிறுத்திவிட்டது என்பதைத்தான் அவை சொல்கின்றன. ஏன் நிறுத்தியது என்பது மேலே எங்கோ இருக்கிறது.

நீங்கள் -ஜே8 போட்டு ஓட்டியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒரே நேரத்தில் எட்டு வேலை நடக்கிறது. ஒன்று தோற்றதும் மற்ற ஏழும் அந்த நொடியில் நிற்காது. கையில் இருக்கும் கோப்பை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அவை துப்பும் வரிகளெல்லாம் உண்மையான பிழைக்குக் கீழே வந்து விழும். அதனால் திரையின் அடியில் தெரிவது பெரும்பாலும் ஒரு குற்றமும் செய்யாத கோப்பின் பெயராக இருக்கும். சென்ற வாரம் ஒருவர் அனுப்பிய லாகில் கடைசி வரி ஓபன்எஸ்எஸ்எல் அடைவைக் காட்டியது. அவர் இரண்டு நாள் அதையே நோண்டியிருக்கிறார். நான் மேலே போய்த் தேடினால், இருநூறு வரிக்கு முன்னால், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நூலகத்தில் ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்று கம்பைலர் தெளிவாகச் சொல்லியிருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஸ்கிரிப்ட் கட்டளையைப் போட்டு, அதற்குள் பில்டை ஓட்டுங்கள். முழு வெளியீடும் ஒரு கோப்பில் விழும். கம்பைலர் பிழை சொல்லும்போது கோப்பின் பெயர், வரி எண், பத்தி எண், அப்புறம் "எரர்" என்ற சொல், அதை ஒட்டி ஒரு முக்காற்புள்ளி என்று எழுதும். அந்தச் சொல்லை முக்காற்புள்ளியோடு சேர்த்து லாகின் தொடக்கத்திலிருந்து தேடுங்கள். முதலில் சிக்குவதுதான் உங்கள் பிழை. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அதன் பின்விளைவாகவே இருக்கலாம்.

எந்தக் கட்டத்தில் நின்றது என்பதையும் பாருங்கள். மூன்று அம்புக்குறி போட்டு "ஸ்டேஜ்" என்று எண்ணோடு வரும். ஸ்டேஜ் 1-லேயே நின்றால், உங்கள் பழைய சிஸ்டத்திலிருக்கும் கருவிகளோடு பிரச்சினை. ஸ்டேஜ் 3 என்றால் கம்பைலரையே கட்டும் இடம். ஸ்டேஜ் 4 என்றால் ஹெடர், நூலகம், மற்ற நிரல்கள். அங்கே நின்றால் சோர்ஸிலேயே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. -ஜே போட்டால் தோல்வி, போடாவிட்டால் வெற்றி என்றால், அது மேக்ஃபைலில் ஒரு சார்பு (எதற்கு முன் எதைக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு) விட்டுப்போன பிழை. தப்பித்தோம் என்று விட்டுவிடாமல் பக் ரிப்போர்ட் போடுங்கள். முதல் பிழையைக் கண்டுபிடித்ததும் திரும்ப வாருங்கள், பார்க்கலாம்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் சிக்னல் 11 வந்து கம்பைலர் விழுகிறது. சோர்ஸை இரண்டு முறை புதிதாக இறக்கிப் பார்த்துவிட்டேன்.

சோர்ஸை விடுங்கள். மெமரியைச் சோதியுங்கள். ஒரே சோர்ஸ், ஒரே கம்பைலர், ஒவ்வொரு முறையும் வேறு இடம் என்றால் சந்தேகம் முதலில் ரேம் மீதும், அப்புறம் சூட்டின் மீதும்தான் போக வேண்டும். கரன்டைக் கட்டுவது போல எல்லாக் கோரையும் எல்லா மெமரியையும் மணிக்கணக்கில் கசக்கும் வேலை சாதாரணப் புழக்கத்தில் வராது. அதனால்தான் மற்ற நேரம் எல்லாம் நன்றாக ஓடுவது போலத் தெரிகிறது. என் பழைய மெஷினில் இப்படித்தான் ஆனது. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விட்டேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றினேன், அதோடு சரியானது.

ஒவ்வொரு முறையும் அதே கோப்பு, அதே இடம் என்றால் கதை வேறு. அது கம்பைலரின் பிழை. கம்பைலரான கிளாங் விழும்போது டெம்ப் அடைவில் முன்செயலாக்கம் செய்த சோர்ஸையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டையும் வைத்துவிட்டு, அவை இருக்கும் இடத்தையும் சொல்லும். இரண்டையும் பக் ரிப்போர்ட்டில் இணையுங்கள்.

கேள்வி: 4 ஜிபி ரேம். கம்பைலரின் அடித்தளமான எல்எல்விஎம் பகுதி வரும்போது "கில்டு" என்று வந்து நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைப் போடுங்கள். "ஃபெயில்டு டு ரீக்ளெய்ம் மெமரி" என்ற வரி இருக்கும். மெமரி தீர்ந்து கர்னலே அந்தப் பிராசஸைக் கொன்றிருக்கிறது. -ஜே2-க்கு இறங்குங்கள், ஸ்வாப் சேருங்கள். பில்டுக்கான அமைப்புகளை வைக்கும் எஸ்ஆர்சி.கான்ஃப் கோப்பில் வித்தவுட்_எல்எல்விஎம்_டார்கெட்_ஆல் போட்டால் உங்கள் சிபியுவுக்குத் தேவையான பகுதியை மட்டும் கட்டும். சுமை கணிசமாகக் குறையும்.

கேள்வி: சப்வெர்ஷனில் அப்டேட் செய்தால் புதிதாக எதுவும் வருவதில்லை. கரன்டில் வேலை நின்றுவிட்டதா?

இல்லை. சோர்ஸ் 2020 டிசம்பரில் சப்வெர்ஷனை விட்டு, கிட் என்ற இன்னொரு பதிப்பு மேலாண்மைக் கருவிக்கு மாறிவிட்டது. கிட்டில் மெயின் கிளையைப் புதிதாகக் குளோன் செய்யுங்கள்.

கேள்வி: பில்ட்வேர்ல்டு "எரர் கோட் 1" என்று நிற்கிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்.

முதல் பதிலைப் பாருங்கள். திரையின் அடி எனக்கு வேண்டாம். லாகில் வரும் முதல் பிழை வேண்டும்.

கேள்வி: இன்ஸ்டால்கர்னல் முடிந்ததும் ரீபூட், அதற்குப் பிறகு இன்ஸ்டால்வேர்ல்டு என்கிறார்கள். நான் ஆறு வருடமாக இரண்டையும் ஒரேயடியாக இன்ஸ்டால் செய்து கடைசியில் ஒரே ஒரு ரீபூட்தான் செய்கிறேன். ஒன்றும் ஆனதில்லை. இது வெறும் சம்பிரதாயம்தானே?

சம்பிரதாயம் இல்லை. புதிய கர்னல் பழைய நிரல்களை ஓட்டும். அதற்காகவே பழைய சிஸ்டம் கால்களுக்கான (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) பொருத்தக் குறியீடு கர்னலுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய கர்னல் புதிய நிரல்களை ஓட்டும் என்று யாரும் உறுதி தரவில்லை. புதிய சி நூலகம், பழைய கர்னலுக்குத் தெரியாத ஒரு சிஸ்டம் காலைக் கேட்டால், கர்னல் அந்த நிரலை அங்கேயே கொன்றுவிடும்.

2017 மே மாதம், கோப்புகளை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணை 64 பிட்டாக மாற்றிய கமிட் (சோர்ஸில் சேர்க்கும் மாற்றம்) வந்தது. ஸ்டாட் போன்ற அடிப்படையான கால்களே மாறின. அன்று எனக்கும் உங்களைப் போலவே ஒரு தைரியம் இருந்தது. தொலைவில் இருந்த ஒரு மெஷினில் இரண்டையும் ஒரேயடியாக இன்ஸ்டால் செய்தேன். இன்ஸ்டால்வேர்ல்டு சத்தமில்லாமல் முடிந்தது. எல்எஸ் என்று தட்டினேன். "பேட் சிஸ்டம் கால், கோர் டம்ப்டு" என்று ஒரு வரி வந்தது. அடுத்து எதைத் தட்டினாலும் அதே வரி. திறந்திருந்த ஷெல் மட்டும் உயிரோடு இருக்கிறது, அதிலிருந்து எதையும் ஓட்ட முடியவில்லை. கடைசியில் மெஷின் பக்கத்தில் இருந்த ஒருவர் பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போட வேண்டியதாயிற்று.

இது நடக்கும் என்று யுஎஸ்ஆர் எஸ்ஆர்சி அடைவில் இருக்கும் அப்டேட்டிங் கோப்பில் அன்றே எழுதியிருந்தார்கள். தனிக் கர்னல் கான்ஃபிக் வைத்திருப்பவர்கள் காம்பேட்_ஃப்ரீபிஎஸ்டி11 ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் படிக்கவில்லை. தயவுசெய்து ஒவ்வொரு முறை கிட் புல் செய்ததும் அந்தக் கோப்பைத் திறந்து, நீங்கள் கடைசியாகக் கட்டிய தேதி வரை படியுங்கள். இரண்டு நிமிட வேலை.

அதே வாசகர்: 2017-ல் ஒரு முறை நடந்ததற்காக வருடம் முழுக்க இரண்டிரண்டு ரீபூட்டா? சர்வரில் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் நான் அனுமதி வாங்க வேண்டும்.

எந்தக் கமிட்டில் அது வரும் என்று இன்ஸ்டால் செய்யும்போது உங்களுக்குத் தெரியாது. ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது, அந்த ஆறு வருடத்தில் நீங்கள் அப்டேட் செய்த நாட்களில் அப்படி ஒரு கமிட் குறுக்கே வரவில்லை என்பதை மட்டும்தான் காட்டுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. நடுவில் ரீபூட் செய்யும்போது புதிய கர்னல் பூட்டே ஆகவில்லை என்றால், வேர்ல்டு இன்னும் பழையதாகத்தான் இருக்கும். பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து எழுந்துவிடலாம். இரண்டையும் மாற்றிவிட்டால் அந்த வழி அடைபடும்.

இன்னொரு வாசகர்: நான் அவர் பக்கம்தான். இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் பூட் என்விரான்மென்ட், அதாவது தனியே பூட் செய்யக்கூடிய சிஸ்டத்தின் நகல், இருக்கிறதே அண்ணா. அதில் இன்ஸ்டால் செய்தால் ஒரே ரீபூட் போதும், பயமும் இல்லை. நீங்கள் இன்னும் யுஎஃப்எஸ் காலத்து வழியையே சொல்கிறீர்கள்.

நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவர் செய்வது அது இல்லை. அவர் ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டின் மீதே இன்ஸ்டால் செய்கிறார். நீங்கள் சொல்வது ஓடாத ஒரு ரூட்டில் இன்ஸ்டால் செய்வது. இரண்டாவதை நானும் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். அதை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

பூட் என்விரான்மென்டுகளைக் கையாளும் பிஇ-சிடிஎல் கட்டளையில் கிரியேட் போட்டுப் புதிய என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்குங்கள். அதை எம்என்டி அடைவில் மவுன்ட் செய்யுங்கள். இன்ஸ்டால்கர்னல், இடிசிஅப்டேட் -பி, இன்ஸ்டால்வேர்ல்டு, இடிசிஅப்டேட் என்ற வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, மேக் கட்டளைகளுக்கு டெஸ்ட்டிஐஆர், இடிசி அடைவின் அமைப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கும் இடிசிஅப்டேட்டுக்கு -டி (-D) என்று எம்என்டியைக் காட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் ஒரு கோப்பும் மாறாது. அப்புறம் பிஇ-சிடிஎல் ஆக்டிவேட் கட்டளையை -டி சேர்த்துக் கொடுங்கள். இந்த -டி ஆங்கிலச் சின்ன எழுத்து t, இடிசிஅப்டேட்டில் வருவது பெரிய எழுத்து D, மாற்றிவிடாதீர்கள். அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் புதியது எழும். பேனிக் ஆகி கர்னல் நின்றுபோனால் மறு பூட்டில் பழையதே திரும்பி வரும். எல்லாம் சரி என்று பார்த்த பிறகு நிரந்தரமாக ஆக்டிவேட் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இன்ஸ்டாலர் போட்டுத் தரும் அமைப்பில் யுஎஸ்ஆர் அடைவு பூட் என்விரான்மென்டுக்குள் அடங்கும். நீங்களே கையால் பிரித்து யுஎஸ்ஆரைத் தனி டேட்டாசெட்டாக வைத்திருந்தால் அது எல்லா என்விரான்மென்டுக்கும் பொதுவாகிவிடும். எந்த என்விரான்மென்டில் எழுந்தாலும் அதே ஒரே யுஎஸ்ஆர்தான் இருக்கும். மவுன்ட் செய்ததும் எம்என்டிக்குள் யுஎஸ்ஆர்/பின் (usr/bin) அடைவில் கோப்புகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

முதலில் கேட்டவர்: சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். என் சர்வரில் யுஎஸ்ஆர் தனியாகத்தான் இருக்கிறது. இன்றே மாற்றுகிறேன்.

நல்லது. மாற்றும் வரை இரண்டு ரீபூட்.

கேள்வி: கர்னல் பில்டில் "எரர் கோட் 1".

முதல் பிழை. முதல் பதில்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு கிராஃபிக்ஸ் எழவில்லை. சில நேரம் பேனிக்கும் ஆகிறது.

கிராஃபிக்ஸ் டிரைவர் மாட்யூலான டிஆர்எம்-கேமாட் பழைய கர்னலுக்குக் கட்டியதாக இருக்கும். கூடுதல் மென்பொருள் தொகுப்பான போர்ட்ஸிலிருந்து வரும் கர்னல் மாட்யூல்கள் ஒவ்வொரு புதுக் கர்னலோடும் சேர்த்துக் கட்டப்பட வேண்டும். எஸ்ஆர்சி.கான்ஃப் கோப்பில் போர்ட்ஸ்_மாட்யூல்ஸ் என்று அதன் பெயரைக் கொடுத்துவிட்டால் பில்ட்கர்னல் கூடவே கட்டிவிடும். அதற்கு மேல் எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்பது என் எல்லைக்கு வெளியே.

கேள்வி: ஒரு லினக்ஸ் விநியோகத்தின் வளர்ச்சிப் பதிப்பில் கர்னல் கட்டும்போது...

அந்த விநியோகத்தின் பக் டிராக்கரில் கேளுங்கள். ஊகித்துச் சொல்லி உங்கள் மெஷினைக் கெடுக்க விரும்பவில்லை.

கேள்வி: இசட்பூல் ஸ்டேட்டஸ் போட்டால் பூலை அப்கிரேட் செய்யலாம் என்கிறது. செய்துவிடவா?

இன்று வேண்டாம். பூல் (இசட்எஃப்எஸ்ஸின் வட்டுத் தொகுப்பு) அப்கிரேடைத் திருப்ப முடியாது. மேலே அவ்வளவு நீளமாகச் சொன்ன பழைய பூட் என்விரான்மென்டின் கர்னலுக்குப் புதிய அம்சங்கள் தெரியாவிட்டால், அதற்குத் திரும்பும் வழியை நீங்களே மூடுகிறீர்கள். இன்ஸ்டால்வேர்ல்டு இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் லோடரைத் தொடாது என்பதையும் மறக்காதீர்கள். அதை நீங்கள்தான் காப்பி செய்ய வேண்டும். பழைய லோடருக்குப் புதிய பூலைப் படிக்கத் தெரியாவிட்டால் கர்னல் வரைக்கும்கூடப் போகாது. புதிய கர்னலில் சில வாரம் ஓட்டி, லோடரை மாற்றி, அதில் ஒரு பூட்டும் பார்த்த பிறகு செய்யுங்கள்.

கேள்வி: கரன்ட் ரொம்ப மெதுவாக இருக்கிறது. "லாக் ஆர்டர் ரிவர்சல்" என்றும் வருகிறது.

கரன்டின் இயல்பான கர்னலான ஜெனரிக்கில் விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் என்ற பிழை தேடும் சோதனைகள் இயக்கத்தில் இருக்கும். வேகத்தைக் குறைப்பதும் அந்தச் செய்தியைத் தருவதும் அவைதான். ஜெனரிக்-நோடீபக் கட்டுங்கள். ஆனால் பேனிக் ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தால் ஜெனரிக்கிலேயே இருங்கள்.

கேள்வி: எரர் வந்தால், கட்டிய கோப்புகள் விழும் ஓபிஜே அடைவை முழுசாக அழித்துவிட்டுத் திரும்பக் கட்டுவதுதானே நல்லது?

முதல் வைத்தியமாக அது வேண்டாம். பிழையின் தடயமும் போய்விடும், சில மணி நேரமும் போய்விடும். முதலில் அப்படியே மறுபடி ஓட்டுங்கள். அதே இடத்தில் நின்றால் கிட் புல் செய்து ஓட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஓபிஜேவை அழித்துவிடுங்கள். ஃபைல்மான் மாட்யூலை ஏற்றி மெட்டா மோடை இயக்கினால் எது மாறியதோ அதை மட்டும் நம்பிக்கையாகக் கட்டும். கணினிக் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மேக், கோப்பின் நேரத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறது.

முதல் கேள்வி கேட்டவர்: சார், நீங்கள் சொன்னபடி மேலிருந்து தேடினேன். முந்நூறு வரிக்கு மேலே, ஒரு நெட்வொர்க் நூலகத்தின் கோப்பில் "அன்டிக்ளேர்டு ஐடென்டிஃபையர்" என்று முதல் பிழை இருக்கிறது. ஸ்டேஜ் 4.

இதுதான் வேண்டும். அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்துக் கிட் லாக் பார்த்தேன். நீங்கள் இழுத்த கமிட்டில் ஒரு ஹெடர் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து அதே ஆள் அதைச் சேர்த்திருக்கிறார். கிட் புல் செய்யுங்கள், அப்டேட்டிங் கோப்பைப் பாருங்கள், மறுபடி ஓட்டுங்கள். ஓபிஜேவை அழிக்க வேண்டாம்.