லிங்கனைத் தவிர, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கறிஞர் அரசியல்வாதிகளில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்?

தாடியஸ் ஸ்டீவன்ஸ். நானும் வழக்கறிஞர் தொழிலில் இருப்பதால், அவர் வென்ற ஒரு வழக்கு என்னை இன்றும் உறுத்துகிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1792இல் வெர்மான்ட் மாநிலத்தில் வளைந்த பாதத்தோடு பிறந்து, தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போன பின் தாயின் உழைப்பில் கல்லூரி வரை படித்த அவர், 1816இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் தொழில் தொடங்கினார். வெளி மாநில அடிமை ஒருவரை அங்கே ஆறு மாதம் தங்கவைத்தால் அவர் விடுதலை பெறுவார் என்பது அம்மாநிலச் சட்டம். அடிமைமுறை இருந்த அண்டை மாநிலமான மேரிலாந்திலிருந்து பலமுறை அழைத்துவரப்பட்ட சேரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண், அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும் என்று சொல்லி விடுதலை கேட்டார். எஜமானர் தரப்பில் ஆஜரான ஸ்டீவன்ஸ், ஆறு மாதமும் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டு 1821இல் வென்றார். கட்சிக்காரருக்காகச் சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பதுதான்; ஆனால் அன்று அதற்கு விலை கொடுத்தவர் சேரிட்டி.

அந்த உறுத்தல் ஸ்டீவன்ஸுக்கும் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். ஏனென்றால், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த பென்சில்வேனியாவின் புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்தவரும், தப்பி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றத்தில் நின்றவரும், அடிமைகளைப் பிடிக்க வந்தவர்களை எதிர்த்த கிறிஸ்டியானா சம்பவத்தில் 1851இல் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடிய குழுவில் இருந்தவரும் அதே மனிதர்தான். எல்லாப் பிள்ளைகளுக்குமான இலவசப் பள்ளிச் சட்டத்தை நீக்க 1835இல் மாநில மேலவை முடிவெடுத்தபோது, கீழவையில் அவர் ஆற்றிய உரைதான் அதைக் காப்பாற்றியது. உள்நாட்டுப் போருக்குப் பின், சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பை உறுதிசெய்யும் அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தை நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸில் நிறைவேற்றப் பாடுபட்ட முன்னணித் தலைவர்களில் அவரும் ஒருவர். அது தாம் விரும்பிய அளவுக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அதை ஆதரித்தார்.

1868 ஆகஸ்டில் இறந்த அவரை பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் நகரில், இனப் பாகுபாடு பார்க்காத ஒரு சிறிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மற்ற கல்லறைத் தோட்டங்கள் இன அடிப்படையில் வரையறுக்கப்பட்டிருந்ததாலேயே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததாகவும், படைத்தவன் முன் மனிதர் அனைவரும் சமம் என்று வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கொள்கையைச் சாவிலும் காட்ட விரும்பியதாகவும் அவரே எழுதிவைத்த வாசகம் அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.