சட்ட உதவி: குத்தகை நிலத்தை ஊராட்சி மன்றம் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டபோது மாமனார் டவுனுக்கு வந்து வாங்கிய கடைவீடு இது. அரசாங்கத்தின் 60 ஆண்டு குத்தகை நிலம். இன்னும் 18 ஆண்டு பாக்கி. பக்கத்தில் என் கொழுந்தனார் டி.ஓ.எல். (அரசாங்க நிலத்தில் தற்காலிகமாக இருக்கும் உரிமம்) நிலத்தில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறார். பஸ் நிலையத்தைப் பெரிதாக்க இடம் வேண்டும், மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள் என்று மன்றத்திலிருந்து இருவருக்கும் கடிதம் வந்துள்ளது. என்ன செய்வது?
— பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி, பேராக், மலேசியா

பதில்: சகோதரி, முதலில் பட்டாவை எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் குடும்பத்தின் பெயர் பதிவாகியிருந்தால், அந்தக் கடிதத்தை நம்பி ஒரு சாமானைக்கூட நகர்த்தாதீர்கள். தனியார் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் அதிகாரம் மன்றத்துக்குக் கிடையாது. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி அது மாநில அரசின் அதிகாரம். தகுந்த இழப்பீடு தராமல் எடுக்கக்கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு சொல்கிறது. குத்தகைப் பட்டாவும் சொத்துதான்.

மாநில அரசு எடுக்க முடிவு செய்தால் கெஜட்டில் ‘டி’ பாரம் (நிலத்தை எடுக்கும் அறிவிப்பு) வரும். பஸ் நிலையம் பொதுக் காரியம். அந்த நோக்கத்தை எதிர்த்து வெல்வது கடினம். உங்கள் போராட்டம் விலையில்தான். ‘ஈ’ பாரம் (விசாரணை அறிவிப்பு) வந்தால் நில அலுவலக விசாரணைக்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் இருக்கும். அதற்குள் தனியார் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்குங்கள். கடைக் கணக்கு, இடமாற்றச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். நம்மவர்கள் பலர் வெறுங்கையோடு போய், அதிகாரி சொன்ன தொகைக்குத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. கோரிக்கையே கொடுக்காதவர் பிறகு உயர் நீதிமன்றத்தில் தொகையை எதிர்ப்பது கடினம். பணத்தை வாங்கினாலும் ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதி வாங்குங்கள். விசாரணைக்கு நேரில் போனவர், நில அலுவலகம் இழப்பீட்டைத் தீர்மானித்த தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள், அதை எதிர்க்கும் ‘என்’ பாரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

பட்டாவில் மன்றத்தின் பெயர் இருந்து, நீங்கள் அதனிடம் வாடகைக்கு இருப்பவர் என்றால் கதை வேறு. அப்போது ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனைகள்தான் பேசும். ஒரு வழக்கறிஞரிடம் அதைக் காட்டுங்கள்.

கொழுந்தனார் விஷயத்தில் ஆறுதலாக எதுவும் சொல்ல முடியவில்லை. டி.ஓ.எல். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் முடிந்துவிடும். புதுப்பித்தே ஆகவேண்டும் என்று கேட்க முடியாது. அப்பாவிடமிருந்து மகனுக்கும் வராது. எத்தனை தலைமுறை இருந்தாலும் அரசாங்க நிலம் அனுபோகத்தால் சொந்தமாகாது என்பது தேசிய நிலச் சட்டம். தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டியே வாழ்நாளைக் கழித்த குடும்பங்களுக்கு இது கொடுமையான சட்டம் என்றே நான் கருதுகிறேன். நில விலை கேட்க அவருக்கு வழியில்லை. மாற்றுக் கடை கேட்கலாம். இந்த ஆண்டு உரிமக் கட்டண ரசீதையும் கடையின் படங்களையும் இணைத்து மன்றத் தலைவருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் இந்த வாரமே மனு கொடுக்கச் சொல்லுங்கள். புதிய பஸ் நிலையத்தின் கடை ஒதுக்கீடு முடிந்த பிறகு கேட்டால் இடம் இருக்காது.