மாமாவுக்காக மூன்றாவது டாப்-அப்பா?

கேள்வி: வயது 26. பி.இ. சிவில் முடித்து, திருப்பூரில் சாயக் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கையில் வரும் சம்பளம் ரூ.28,000. அக்கா கணவரின் தொழிலுக்காக என் பெயரில் 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் எடுத்து, இரண்டு முறை டாப்-அப் (அதே கடனின் மேல் கூடுதல் கடன்) செய்தேன். மாதத் தவணை ரூ.10,250, இன்னும் 30 தவணைகள். மாமா மேலும் 2 லட்சம் கேட்கிறார். சுற்றுச்சூழல் பொறியியல் மேற்படிப்புக்கு அப்பாவின் வீட்டை அடமானம் வைத்து, 30 லட்சம் கடனில் பிரிட்டன் போகலாமா? மாதம் ரூ.2,000 பசுமை ஃபண்டில் (சுற்றுச்சூழல் சார்ந்த நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஃபண்ட்) போடச் சொல்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: 11 சதவீதம் என்று வைத்தாலே 30 லட்சத்துக்கு மாத வட்டி ரூ.27,500. உங்கள் சம்பளம் அப்படியே போய்விடும். பிரிட்டனை மறந்துவிடுங்கள்.

உள்ளூரிலேயே வழி இருக்கிறது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கு 2021 முதல் தனித் தாள் உண்டு. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் ரூ.12,400 உதவித்தொகை. ஆனால் தவணை போக மிஞ்சுவது ரூ.2,150, மெஸ் பில்லுக்கே காணாது. ஆக, உங்கள் படிப்புக்குக் குறுக்கே நிற்பது மாமாவின் கடன்தான். கொஞ்சம் அடைந்ததும் டாப்-அப், திரும்பவும் முதலிலிருந்து தவணை. இது உதவியா, பழக்கமா?

கேட் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். வரும் பிப்ரவரியில் எழுதுங்கள். கடனை முடித்துவிட்டுச் சேருங்கள். இப்போது டாப்-அப் செய்தால் தவணைக் காலம் மீண்டும் நீளும், மதிப்பெண் காலாவதியாகும்.

காத்திருக்கும் காலமும் வீண் போகாது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாவிட்டால்தான் தொழில் என்றாகிவிட்ட ஊர் உங்களுடையது. ஆர்.ஓ. எனும் சவ்வு வடிகட்டி கழித்துத் தள்ளும் உப்பு நீரை எவாப்பரேட்டரில் வற்றவைத்து உப்பைப் பிரிப்பதை ஷிப்டுக்கு ஷிப்ட் பார்க்கிறீர்கள். வகுப்பறையில் கிடைக்காத பாடம் அது.

பசுமை ஃபண்டா? 14 சதவீதக் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு, உறுதியில்லாத லாபத்தை ஏன் துரத்த வேண்டும்? பெயரில் பசுமை இருந்தால் வட்டி குறையாது. அந்த ரூ.2,000-ஐக் கடனிலேயே கூடுதலாகக் கட்டினால் சுமார் 6 மாதம் முன்னதாக முடியும். பகுதித் தொகை கட்ட வங்கி கட்டணம் பிடிக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமாவிடம், "படிக்கப் போகிறேன், இனி என் பெயரில் கடன் எடுக்க முடியாது, பழைய தவணையில் பாதியை நீங்கள் கட்டுங்கள்" என்று அக்காவையும் உட்காரவைத்துக்கொண்டு சொல்லுங்கள். இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்பது அக்காவுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை.